மகேஸ் அக்காவின் நான்காவது போத்தல்

மகேஸ் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கண்டியில், இன்னொருவருடைய ஆய்வுகூடத்தில், எங்கள் மாதிரிகளின் முறை வருவதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாத்தளையிலுள்ள எங்கள் கந்தோரிலிருந்து ஸ்டோர் பொறுப்பாளர் பாலா அண்ணன் பேசினார்.

"தம்பி, மகேஸ் காலையில முடிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே. சுகர்தான்."

"கிளினிக் போனாங்களா?" என்று கேட்டேன். ஒரு சாவுச் செய்திக்கு இதுவா முதல் கேள்வி என்று அம்மா பிறகு என்னைத் திட்டினார்.

"நீங்க வேற. அவ என்னைக்குப் போனா?" என்றார் பாலா அண்ணன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இதை எழுதுகிற இன்றுவரை அது போகவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கந்தோர் நலன்புரிச் சங்கம் ஒரு சிறு மலர் போடுகிறது. "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்று என்னிடம் சொன்னார்கள். மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லோரோடும் அன்பாகப் பழகினார், புன்னகை மாறாத முகம், இப்படி. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரோடு சண்டை போட்டு வாரக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்தவர்கள். நானும் அதில் ஒருவன். சிரித்த முகத்தோடு அவர் எனக்கு ஒரு போத்தல்கூடத் தந்ததில்லை. எனவே நல்ல வார்த்தைகளை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். எனக்கு வேறு வேலை இருக்கிறது. எங்கள் மாதிரிப் பதிவேட்டில் அவரைப் பற்றி ஒரு பொய் இருக்கிறது. எழுதியவர் அவரேதான். அதைத் திருத்தியிருக்க வேண்டியவன் நான்.

எங்கள் பிரிவை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாவட்டத்துக் கடைகளில் விற்கிற இறக்குமதிப் பசளையில், அதாவது உரத்தில், கட்மியம், ஈயம், ஆசனிக்கு போன்ற பார உலோகங்கள் எல்லைக்கு மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. பொஸ்பேற்றுப் பசளை பாறையிலிருந்து வருகிறது. சில பாறைகளில் கட்மியமும் சேர்ந்தே இருக்கும். வயலில் விழுந்தால் அது மழையோடு போய்விடாது. மண்ணில் தங்கும், நெல்லில் ஏறும், சோற்றோடு வந்து நம் சிறுநீரகத்தில் உட்காரும். அளவுகள் மிகச் சிறியவை. அதனால் அளக்கிற கருவிக்குச் சமமாக, மாதிரியை அடைக்கிற போத்தலும் முக்கியம். போத்தலை ஒரு பகலும் ஓர் இரவும் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவாவிட்டால், பசளையின் அழுக்கை அல்ல, நம்முடைய அழுக்கையே அளந்துகொண்டிருப்போம். அந்தக் கழுவுகிற வேலை மகேஸ்வரியுடையது. மாத்தளைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர். பதவிப் பெயர் தற்காலிக உதவியாள். பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

நான் வேலையில் சேர்ந்த நாளே ஆறு போத்தல் கேட்டேன். தரவில்லை.

"இன்னைக்குப் போட்டது நாளைக்குத்தான் எந்திரிக்கும் சேர்."

"அலுமாரியில புதுசு இருக்கே."

"புதுசுன்னா சுத்தமா? புதுச் சட்டைய அலசாம பச்சப்புள்ளைக்குப் போடுவீங்களா?"

நான் பட்டதாரி, அவர் எட்டாம் வகுப்பு. எனக்கு முகம் சிவந்தது. பழிவாங்க ஒரு குறை தேடினேன், உடனே கிடைத்தது. பசளையைக் கலக்க அவர் ஒரு தகர வாளி வைத்திருந்தார். துத்தநாகப் பூச்சுப் போட்ட வாளி. அந்த நாகத்தோடு கட்மியமும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், இதில் கலந்து கட்மியம் பார்ப்பது சேற்றுக் காலோடு நின்று தரையைத் துடைப்பதுபோல என்று ஸ்டோரில் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினேன். அவருக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கோபம்.

"ஆறு மாசமா இதுல கலக்குறேன். கண்டியில ஒரு நாள் ட்ரெய்னிங் குடுத்தானுங்க, ஒரு பய வாளியப் பத்திச் சொல்லல. அப்ப ஆறு மாசமா எழுதினதெல்லாம் பொய்யா?"

பதிவேட்டை எடுத்து வந்து, அந்தப் பக்கங்களைக் கிழிக்கவா என்று கேட்டார். பதிவேட்டில் எதையும் கிழிக்கவோ அழிக்கவோ மை பூசி மறைக்கவோ கூடாது என்று சொன்னேன். பிழை மேல் ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது வாசிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் சரியானது, கையெழுத்து, திகதி. ஆறு மாதத்துப் பக்கங்களிலும் "வாளி" என்று குறித்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். வாளியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறிவேப்பிலை நட்டார். செடி நன்றாக வளர்ந்தது. அதிலிருந்து ஓர் இலையைக்கூட அவர் குழம்பில் போட்டதில்லை.

நான்காவது போத்தல் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி எடுத்த பசளையைப் பிளாஸ்டிக் விரிப்பில் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் எடுத்து மறுபடி கலந்து, இப்படியே சிறிதாக்குவோம். கடைசியில் மூன்று போத்தல். கடைக்காரர் பார்க்க அரக்கு முத்திரை வைப்போம். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று கண்டிக்கு, ஒன்று எங்கள் அலுமாரிக்கு. பின்னால் வழக்கு வந்தால் அலுமாரிப் போத்தல்தான் சாட்சி. விதி மூன்று என்றுதான் சொல்கிறது. மகேஸ் அக்கா நான்கு நிரப்பினார். நான்காவதற்கு முத்திரை கிடையாது, இறுக்கிய மூடி மட்டும்.

"இது யாருக்கு?" என்றேன்.

"ஆமிக்காரனுக்கு."

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கண்டி வீதியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிப் பையைப் பார்ப்பார்கள். பசளை என்றால் குண்டு செய்கிற சாமான் என்பதுதான் சோதனைச் சாவடியில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரே இரசாயனவியல். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையும் பையில் அரக்கு வைத்த மணிமணியான பசளையும் இருந்தால் திறக்கத்தான் சொல்வார்கள். முத்திரை உடைந்த போத்தலைக் கண்டியில் கையாலும் தொட மாட்டார்கள். எனவே ஆமிக்காரன் திறப்பதற்கென்றே ஒன்று.

"விதியில இல்லாத வேலை" என்றேன்.

"நாலாத்தான் பிரிக்கிறீங்க. மூணுதான் குடுக்கிறீங்க. மிச்சத்த எதுக்குக் கொட்டுறீங்க? அவனும் பாக்கட்டுமே, பாவம், வெயில்ல நிக்கிறான்."

எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஒரு விஞ்ஞான வேலையில் ஆமிக்குப் பங்கு ஒதுக்குவதாவது. இதைப் பலமுறை சொன்னேன். அவர் பலமுறை நான்கு நிரப்பினார்.

அவருக்குச் சுகர் இருந்தது எல்லோருக்கும் தெரியும். புதன்கிழமை கிளினிக். மாதிரிகளோடு கண்டிக்கு பஸ் ஏறுவதும் புதன்கிழமைதான். அதனால் போகமாட்டார். கால் வீங்கி, செருப்பு வார் அறுந்து, ஊக்குக் குத்திக்கொண்டு நடப்பார். ஒரு நாள் நான் வெடித்தேன்.

"ஒரு லொறி பசளைக்கு இத்தனை மூட்டையில குத்தணும்னு என்கிட்ட சண்டை போடுறீங்க. உங்க ஒடம்புல ஒரு துளி ரத்தம் குத்தி எடுக்க விடமாட்டேங்கிறீங்க."

"என் ஒடம்பு என்ன இறக்குமதியா சேர்?"

விடவில்லை. அடுத்த புதன்கிழமை நீங்கள் கிளினிக் போகாவிட்டால் உங்கள் கையால் ஒரு போத்தலும் வாங்கமாட்டேன் என்று சொன்னேன். அவரை அசைத்தது அது ஒன்றுதான். லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் புதன்கிழமை சாதாரணப் புதன்கிழமையாக இருக்கவில்லை. பெரும்போக நெல் விதைப்புக்கு முன் மாத்தளைக் கடைத்தெருவில் ஜவ்பர் ஹாஜியாரின் கடைக்குப் புதிதாகப் பொஸ்பேற்றுப் பசளை வந்திறங்கியிருந்தது. ஒரு பிடி எடுத்து முன்னோட்டமாகப் பார்த்ததில் கட்மியம் எல்லையைத் தாண்டியிருந்தது. முறைப்படி முத்திரை வைத்த மாதிரியில் அதையே நிரூபித்தால்தான் விற்பனையை நிறுத்த முடியும். ஹாஜியார் நேர்மையானவர். அவரே மூட்டைகளை இறக்கித் தந்தார். "தம்பி, நான் இதக் காச்சினேனா? வந்தத விக்கிறேன். கெட்டதுன்னா ஒரு கடுதாசி தாங்க, இப்பவே மூடி வைக்கிறேன்" என்றார். கடுதாசிதான் என்னிடம் இல்லை.

காலையில் கந்தோருக்கு வந்தபோது, மேசையில் கழுவிக் காயவைத்த போத்தல்கள் வரிசையாக இருந்தன. நான்கு. நான் மூன்றை எடுத்தேன்.

மறதியால் அல்ல. அவர் இல்லாத ஒரு நாளாவது விதிப்படி வேலை செய்து காட்டுவோம் என்ற திமிர்.

ஹாஜியார் கடையில் மாதிரி எடுத்து, மூன்றுக்கும் முத்திரை வைத்துக்கொண்டு கண்டி பஸ் ஏறினேன். சாவடியில் பஸ் நின்றது. ஒரு சிப்பாய் என் பையைப் பார்த்து, கண்டிக்கான போத்தலை எடுத்து, "அரின்ன" என்றான். திற என்கிறான். திறக்க முடியாது என்று சிங்களத்தில் சொன்னேன். ஏன் என்றான். அப்போது மகேஸ் அக்கா இருந்திருந்தால் நான்காவதை நீட்டிவிட்டு வெயிலைப் பற்றி ஏதாவது பேசியிருப்பார். நான் இரசாயனவியல் பேசினேன். இது வெடிக்காது, வெடிக்கிற பசளை வேறு வகை, அதில் நைதரசன் இருக்கும் என்று தொடங்கினேன். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று ஒரு தமிழ்ப் பையன் அக்கறையாக வகுப்பெடுத்தபோது அவன் துப்பாக்கியை நேராகப் பிடித்தான். பஸ் போய்விட்டது. மணல்மூட்டைகளுக்குப் பக்கத்தில் மாலை நான்கு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அரக்கை உடைத்து, பழைய பத்திரிகைத் தாளில் கொட்டி, விரலால் கிளறி, மோந்து பார்த்து, பிறகு அதே தாளை மடித்து என் கையில் தந்தார்கள். "இப்போது போ" என்றார்கள். எங்கே போவது?

அலுமாரிப் போத்தலை அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் அனுப்பிவிட்டால், நாளைக்கு மறுப்பு வரும்போது காட்ட ஒன்றுமிருக்காது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். அனுமதி, போத்தல், பௌர்ணமிப் போயா விடுமுறை என்று ஒரு வாரத்துக்கு மேல் போனது. வயலில் தண்ணீர் கட்டியாயிற்று, விதைக்கிறவர்கள் காத்திருக்கவில்லை. முப்பத்தெட்டு மூட்டை கடையை விட்டுப் போயிற்று, எல்லாம் பல்லேபொல ஊர்ப் பக்கம்.

அந்தப் புதனுக்கு மறுநாள், வியாழக்கிழமை காலை, மகேஸ் அக்கா வந்தார். மேசையில் தனியாக நின்ற நான்காவது போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பதிவேட்டைத் திறந்து, "மாதிரி ஏற்கப்படாமைக்குக் காரணம்" என்ற கட்டத்தில், தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்: மாதிரிப் போத்தல் பொறுப்பாளர் கிளினிக் சென்றிருந்தமையால்.

"என்னா இது? பிழை என்னோடது" என்றேன்.

"உங்களுக்கு இன்னும் வேல கன்ஃபர்ம் ஆகல. எனக்குத்தான் எதுவுமே ஆகப்போறதில்லையே."

"அடிங்க அதை."

"பதிவேட்டுல எழுதினத அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க சேர்."

ஒரு கோடு போடலாம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேனா என் சட்டைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

இரண்டாம் முறை அவரே கண்டிக்கு வந்தார். அதே சாவடி, அதே சிப்பாய். நான்காவது போத்தலைத் திறந்து கொடுத்து, "மோந்து பாரு மகனே, தின்னுறாத" என்று சிங்களத்தில் சொன்னார். அவன் சிரித்துவிட்டான். பஸ் ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

முடிவு எல்லைக்கு மேலேயே வந்தது. ஹாஜியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மிச்சத்தை மூடி வைத்ததோடு, வாங்கியவர்களின் பெயர்களையும் தந்து, மாற்றிக் கொடுக்க வேறு மூட்டைகளை லொறியில் ஏற்றியும் விட்டார். நானும் மகேஸ் அக்காவும் லொறியில் பல்லேபொலைக்குப் போனோம். இருபத்தொன்பது மூட்டை திரும்பக் கிடைத்தது. ஒன்பது வயலுக்குள் போயிருந்தது. ஒரு வீட்டில் வெறும் சாக்கைக் கிழித்து விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். சாக்கையும் எடுக்கவேண்டும் என்று மகேஸ் அக்கா ஒற்றைக் காலில் நின்றார். மிளகை அள்ள ஓலைப்பாய் ஒன்று பக்கத்து வீட்டில் வாங்கி வரும்வரை லொறி நின்றது. டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டேயிருந்தார்.

ஒன்பதில் மூன்று மூட்டை போட்ட ஒரு பெரியவர், போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். முடியாது, கட்மியம் மண்ணைவிட்டுப் போகாது என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மகேஸ் அக்கா என் காலை மிதித்தார். வீங்கிய காலால் மிதித்தால் அவருக்குத்தான் வலித்திருக்கும். பிறகு பெரியவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "ஒரு தடவ போட்டதுல குடி முழுகிடாது. இனிமே இதப் போடாதீங்க. கதிர் வர்ற நேரத்துல வயல்ல தண்ணி வத்த விடாதீங்க, தண்ணி நின்னா அது நெல்லுல ஏறுறது கொறையும். எங்க சேர் படிச்சவரு, அவருதான் சொன்னாரு." நான் எப்போதோ தேநீர் நேரத்தில் யாரிடமோ சொன்னது. எனக்கு வரப்பில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

திரும்பும்போது லொறியில் கேட்டேன். "கிளினிக்ல என்ன சொன்னாங்க?"

"மாசா மாசம் வரச் சொன்னாங்க. ஒரு நாள் போனதுக்கே பல்லேபொல பூராவும் பசளை பரவிருச்சு. இனிப் போவேனா?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். ஆனால் போகவில்லை. நான் அதன்பிறகு கிளினிக் என்று வாய் திறக்கும்போதெல்லாம் "மூணு போத்தலா நாலு போத்தலா சேர்?" என்று கேட்பார். அவரைக் கட்டாயப்படுத்த என்னிடம் இருந்த ஒரே தகுதியை அந்தப் புதன்கிழமை நானே கெடுத்துக்கொண்டேன்.

என் வேலை நிரந்தரமானது. அவருக்கும், யாரும் எதிர்பாராமல், நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. புதுச் சேலை கட்டிக்கொண்டு போனார். வந்ததும் அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

"என்ன கேட்டாங்க?"

"பதிவேட்டப் பாத்து, முக்கியமான நாள்ல ஏன் இல்லன்னு கேட்டாங்க. கிளினிக்னு சொன்னேன். சீக்காளிய எப்படி நிரந்தரமா எடுக்கிறதுன்னு ஒருத்தர் மத்தவருகிட்ட சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியாதுன்னு நெனச்சிட்டாரு."

"நான் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு? அன்னைக்கு எழுதாதத இன்னைக்குச் சொன்னா ரெண்டு பேருமே பொய்யாத்தான் தெரிவோம். சும்மா இருங்க தம்பி."

சேர் என்று சொல்லவில்லை, தம்பி என்றார். நான் சும்மா இருந்தேன். இந்தப் பிரிவில் நான் குறை வைக்காமல் செய்த ஒரே வேலை அதுதான்.

சாவு வீட்டில் அவருடைய மகள் கிளினிக் கொப்பியைக் காட்டினாள். ஒரே ஒரு புதன்கிழமைக்குத்தான் முத்திரை இருந்தது. மற்ற பக்கமெல்லாம் வெறுமை. வாசலில் அந்தத் தகர வாளியில் கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு நின்றது. சமையலுக்கு வந்த யாரோ ஒருத்தி ஒரு கொத்தைப் பறிக்கப் போனாள். "அதத் தொடாதீங்க" என்று மகளும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

யுத்தம் முடிந்துவிட்டது. அந்தச் சாவடியில் இப்போது மணல்மூட்டைகள் மட்டும் இருக்கின்றன, புல் முளைத்து. பஸ் நிற்பதில்லை. போத்தலைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. நான் நான்குதான் நிரப்புகிறேன். புதிதாக வந்த பொறுப்பதிகாரி விதியில் இல்லாத வேலை என்கிறார்.

அந்தப் புதன்கிழமை நான் எடுக்காமல் விட்ட போத்தலை மகேஸ் அக்கா வேறு எதற்கும் பயன்படுத்தியிருக்கவில்லை. அலுமாரியில் அவருடைய தட்டில், மூடி இறுக்கி, தாளில் சுற்றி வைத்திருந்தார். இப்போது என் மேசையில் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுவும், எதையும் அழிக்காமல் திருத்துகிற வழக்கமும். அந்த வழக்கத்தை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். கடைப்பிடித்தவர் அவர்.

நேற்றுப் பழைய பதிவேட்டை எடுத்தேன். அவருடைய வரி மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். உருண்டைக் கையெழுத்து இன்னும் வாசிக்கத் தெரிகிறது. பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் திகதியும் வைத்தேன். கந்தோர்ப் பதிவேட்டை எல்லோரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

காரணம்: மகேஸ்வரி முறைப்படி லீவு எழுதிக் கொடுத்துவிட்டே சென்றார். போகுமுன் மேசையில் நான்கு போத்தல் வைத்திருந்தார். நான் மூன்றை எடுத்தேன்.